பழைய சாவி டப்பாக்குள்ள விசித்திரமான சாவிய அடையாளம் கண்டுபிடிக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

எல்லார் வீட்டுலயும் ஒரு டப்பா இருக்கும். பிஸ்கட் டின்னோ ஹார்லிக்ஸ் பாட்டிலோ, அதுக்குள்ள எந்தப் பூட்டுக்குன்னே தெரியாத சாவிங்க ஒரு கொத்து, தூக்கிப் போடவும் மனசு வராது, வச்சிருந்தும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. எங்க பாட்டி வீட்டு டின் அப்படித்தான் என் கைக்கு வந்துச்சு, உள்ள நாப்பது சாவி. அதுல தொத்துன கிறுக்கு, இப்ப ஒரு பீரோவோட கீழ்த்தட்டு முழுக்க சாவி, வீட்டுல திட்டு வாங்காத நாள் கிடையாது.

இதுல இறங்குற புதுசுங்க எல்லாரும் ஒரே தப்பத்தான் பண்றாங்க (நானும் பண்ணேன்). பெருசா, கனமா, பூ வேலைப்பாடோட இருக்கறதுதான் அபூர்வம்னு நினைச்சு அத எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டிட்டு, அரை விரல் நீளத்துல அசிங்கமா இருக்கிற குட்டிக் குழாய இரும்புக்கடையில எடைக்குப் போட்டுடுவாங்க. சாவி விசித்திரமா இல்லையாங்கறது அது எப்படி வேலை செய்யுதுங்கறதுலதான் இருக்கு, அழகுல இல்ல. அத எப்படிப் படிக்கிறதுன்னுதான் கீழ எழுதுறேன்.

முதல் வேலை, எதையும் கழுவாதீங்க

ரொம்ப முக்கியம்ங்கறதால முதல்லயே சொல்லிடுறேன். நான் ஒரு பழைய பித்தளைச் சாவிய சமையக்கட்டு மேடையில வச்சுட்டு வேலைக்குப் போனேன், சாயங்காலம் வந்து பாத்தா பளபளன்னு தங்கம் மாதிரி இருக்கு. அம்மா புளி போட்டுத் தேய்ச்சு, சாம்பல் போட்டு மெருகேத்தி, 'எவ்ளோ அழுக்குடா' ன்னு பெருமையா காட்டுறாங்க. நூறு வருஷமா ஏறியிருந்த அந்தக் கருஞ்சிவப்பு நிறம் பத்து நிமிஷத்துல போச்சு. என்ன சொல்றது, குத்துவிளக்கத் தேய்க்கிற கை அது. அந்த நிறம்தான் சாவி பழசுங்கறதுக்கு சாட்சி, அது போனா திரும்ப வராது. அதனால ஈரத்துணி கூட வேணாம், காஞ்ச பிரஷ்ஷால மண்ண மட்டும் தட்டிவிட்டு அப்படியே ஒரு வெள்ளைத் துணி மேல பரப்புங்க.

அடுத்து ஒரு காந்தம் எடுங்க, ஃபிரிட்ஜுல ஒட்டுறது போதும். ஒட்டுனா இரும்பு, ஒட்டாட்டி பித்தளையோ வெண்கலமோ. மஞ்சளா இருந்தும் ஒட்டுதுன்னா மேல மட்டும் பித்தளை முலாம், அத தனியா வச்சிடுங்க.

சாவியப் படிக்கிறது

'இது எந்தப் பூட்டுக்கு?' ங்கற கேள்விய ஓரமா வச்சிடுங்க, பூட்டு கிடைக்கப்போறதில்ல. ஆனா பூட்டு எப்படி இருந்திருக்கும்னு சாவியே சொல்லும். மூணு இடத்தப் பாக்கணும், கையில பிடிக்கிற வளையம், நடுவுல தண்டு, நுனியில பல்லு.

தண்டு நுனிய நேரா கண்ணுக்கு எதிர பிடிச்சு, போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. கெட்டியா இருக்கா, குழாயா உள்ள ஓட்டை போகுதா? குழாய்னா அந்தப் பூட்டுக்குள்ள ஒரு ஊசிக் கம்பி நிக்கும், சாவி அது மேல போய் உக்காந்துதான் சுத்தும். அந்தக் கம்பி ஒரு பக்கம்தான் நீட்டிக்கிட்டு இருக்கும், அதனால குழாய்ச் சாவி ஒரே பக்கத்துல இருந்து மட்டும் திறக்கிற பூட்டுக்குத்தான், பெட்டி, அலமாரி, தொங்குபூட்டு இந்த மாதிரி. கெட்டித் தண்டா இருந்து, பல்லுல இருக்கிற வெட்டு எல்லாம் முன்னாலருந்து பாத்தாலும் பின்னாலருந்து பாத்தாலும் ஒரே வரிசையில இருந்தா, அது உள்ளயும் வெளியயும் ரெண்டு பக்கமும் போடுற கதவுச் சாவி. வெளிய நின்னு போட்டா எந்த வரிசை வருதோ உள்ள இருந்து போட்டா அது தலைகீழாத்தானே வரும், அதனாலதான் ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.

ஓட்டை வட்டமா இல்லாம மூணு இதழ் பூ மாதிரியோ நட்சத்திரம் மாதிரியோ இருந்தா உடனே தனியா எடுத்து வைங்க. கம்பியையும் அதே வடிவத்துல செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம், அந்தக் காலத்து ஐரோப்பிய கொல்லர் ஒருத்தர் கை வலிக்க வலிக்க அரம் போட்ட வேலை அது.

இப்ப பல்லு. பல்லோட பக்கவாட்டுல, தண்டுக்கு இணையா உள்ள வெட்டி வெட்டி விட்டிருந்தா அது தடுப்புப் பூட்டு, பூட்டுக்குள்ள வளைவு வளைவா தகடு நிக்கும், அதுல இடிக்காம நழுவிப் போறதுக்குத்தான் இந்த வெட்டு. பல்லோட வெளி விளிம்புல படிக்கட்டு மாதிரி ஏத்த இறக்கமா இருந்தா அது லீவர் பூட்டு, ஒவ்வொரு படியும் உள்ள இருக்கிற ஒரு லீவர, அதாவது ஒரு குட்டித் தகட, சரியான உயரத்துக்குத் தூக்கும். படிய எண்ணுங்க, அதுல ஒண்ணு பொதுவா பூட்டோட தாழத் தள்றதுக்கு, மிச்சம் இருக்கிறது லீவர் எண்ணிக்கை. என் பாட்டி டின்ல ஒரு குட்டி பித்தளைச் சாவி இருந்துச்சு, குழாய்த் தண்டு, ஆறு படி. அப்ப ஒரே பக்கம் திறக்கிற அஞ்சு லீவர் பூட்டு. அந்தக் காலத்துல அவ்ளோ செலவு பண்ணி பூட்டு போட்டிருக்காங்கன்னா உள்ள ஏதோ இருந்திருக்குன்னு அப்பவே தோணுச்சு. அத ஞாபகம் வச்சுக்கோங்க.

லீவர் பூட்டுன்னா நம்மாளுங்களுக்கு சொல்லவே வேணாம், திண்டுக்கல் பூட்டு மேலயே 6 லீவர், 8 லீவர்னு அடிச்சிருப்பான். 2019ல புவிசார் குறியீடு வாங்குன பூட்டு அது. மாங்காய்ப் பூட்டு, சாவி திருப்புனா மணி அடிக்கிற பூட்டுன்னு அதுலயே ஏகப்பட்ட ரகம் இருக்கு, அது தனியா ஒரு கட்டுரைக்கு ஆகும்.

இன்னொண்ணு, பழைய சாவி எதப் பாத்தாலும் ஸ்கெலிட்டன் கீ ன்னு சொல்லி விக்கிறாங்க பாருங்க, எரிச்சலா வரும். நிஜமான ஸ்கெலிட்டன் சாவில பல்லு கிட்டத்தட்ட முழுசா அரிச்செடுத்துப் போயிருக்கும், தாழத் தொடுற ஓரம் மட்டும் இங்கிலீஷ் L மாதிரி, T மாதிரி எலும்பா நிக்கும். அப்பதான் எந்தத் தடுப்புலயும் இடிக்காம பல பூட்டத் திறக்கும். டின்ல அப்படி ஒண்ணு இருந்தா பத்திரம், மாஸ்டர் சாவியாவும் இருக்கலாம், யாரோ திருடன் அரம் போட்டதாவும் இருக்கலாம்.

திருப்பவே திருப்பாத சாவிங்க

பல்லே இல்லாத, தட்டையான பட்டை, நுனி மடங்கி அதுல ரெண்டு மூணு சதுர ஓட்டை. புதுசா பாக்கிறவங்க ஏதோ கிளிப்புன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. இது தள்ளு சாவி. சீனாவுல நூத்தாண்டு கணக்கா இருந்த நீளப் பித்தளைப் பூட்டுக்குள்ள வில்லுத் தகடுங்க விரிஞ்சு நின்னு பூட்ட மாட்டிப் பிடிச்சிருக்கும், இந்தச் சாவிய நேரா உள்ள தள்ளுனா ஓட்டைக்குள்ள தகடுங்க அமுங்கி ஒடுங்கிடும், பூட்டோட தாழ் வெளிய வழுக்கி வந்துடும். திருப்புற வேலையே கிடையாது.

நுனியில மறை வெட்டியிருந்தா திருகு சாவி, நம்ம நாட்டு பழைய இரும்புப் பூட்டுங்கள்ல நிறைய வரும். போல்ட்டு கழட்டுற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கணும், அப்புறம்தான் கொக்கி நகரும். அவசரத்துக்கு ஆகாது.

மரத்துல பல்துலக்குற பிரஷ் மாதிரி, முள்ளு நட்டது மாதிரி ஒரு கட்டை கிடைச்சா (நம்ம ஊர்ல கிடைக்காது, வெளிநாடு போனா பாருங்க) அது எகிப்துக்காரன் முறை. பூட்டுக்குள்ள மர ஆணிங்க தாழுக்குள்ள விழுந்து பிடிச்சிருக்கும், சாவிய உள்ள விட்டு மேல தூக்குனா முள்ளு எல்லாம் ஆணிங்கள ஒண்ணா தூக்கிவிடும். 1860கள்ல அமெரிக்காவுல லைனஸ் யேல் இதே யோசனைய சின்னதா ஆக்கி, தட்டைச் சாவியோட பேட்டன்ட் வாங்குனாரு, இப்ப உங்க வீட்டு வாசக்கதவுல இருக்கிறது அதோட வாரிசுதான்.

நான் முன்னாடி சொன்ன அசிங்கமான குட்டிக் குழாய் இதுதான்

விரல் நீளம் கூட இருக்காது. பல்லுங்கறது பேருக்கு ஒரு துணுக்கு. ஆனா குழாயோட வாய்ப்பக்கத்தப் பாருங்க, விளிம்பச் சுத்தி மெல்லிசா கீறல் கீறலா வெட்டியிருக்கும், ஒண்ணு ஆழம், ஒண்ணு ஆழமில்ல. இது பிராமா சாவி. ஜோசப் பிராமா 1784ல லண்டன்ல பேட்டன்ட் வாங்குனது. பூட்டுக்குள்ள வட்டமா நிக்கிற தகடுங்கள இந்தக் கீறல்கள் ஒவ்வொண்ணையும் அதது ஆழத்துக்கு உள்ள அமுக்கணும், எல்லாம் சரியா அமுங்குனாத்தான் கடைசியில ஒரு திருப்பு திருப்ப விடும்.

அவங்க கம்பெனி லண்டன் பிக்கடிலில இருந்த கடை ஜன்னல்ல ஒரு பூட்ட வச்சு, இத சாவி இல்லாம திறக்கிறவருக்கு 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்து தங்கக் காசு) பரிசுன்னு எழுதிப் போட்டுச்சு. அறுபது வருஷத்துக்கு மேல அத யாரும் திறக்கல. 1851ல லண்டன் பெரிய கண்காட்சிக்கு வந்த ஆல்ஃப்ரட் ஹாப்ஸுங்கற அமெரிக்கர் உக்காந்து, 16 நாள்ல மொத்தம் 51 மணி நேரம் செலவு பண்ணித் திறந்துட்டாரு. அந்தப் பூட்டுல 18 தகடு.

அதே ஹாப்ஸ் அதே வருஷம் சப் பூட்டையும் திறந்தாரு, அதுக்கு அரை மணி நேரம் கூட ஆகல. சப் சாவியும் உங்க டின்ல இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, வெள்ளைக்காரன் காலத்துல நம்ம நாட்டுக்கு வந்த பூட்டுதான். 1818ல ஜெரமியா சப் பேட்டன்ட் வாங்குனது, யாராவது கள்ளச்சாவி போட்டு ஒரு லீவர அதிகமா தூக்கிட்டா பூட்டு இறுகி மாட்டிக்கும், சொந்தக்காரன் வந்து சாவி போட்டா திறக்காது, யாரோ கை வச்சிருக்கான்னு தெரிஞ்சிடும். அத விடுவிக்க ஆரம்பத்துல தனியா இன்னொரு சாவி குடுத்தாங்க, பின்னாடி வந்த பூட்டுங்கள்ல அதே சாவிய எதிர்ப்பக்கம் திருப்புனா போதும். அந்தத் தனி விடுவிப்புச் சாவி தனியா கிடைச்சா நிஜமாவே அதிர்ஷ்டம். போர்ட்ஸ்மத்துல கப்பல் சிறையில இருந்த ஒரு கைதி பூட்டு வேலை தெரிஞ்சவன், இதத் திறந்தா விடுதலைன்னு சொல்லிக் குடுத்தாங்களாம், ரெண்டு மூணு மாசம் மல்லுக்கட்டிட்டு முடியலன்னு திருப்பிக் குடுத்துட்டான். பாவம்.

ரெண்டு பக்கமும் பல்லு

வளையமே இல்ல, தண்டோட ரெண்டு முனையிலயும் பல்லு. ரெண்டும் ஒரே அளவு. பாத்தவுடனே ஒரு சாவில ரெண்டு பூட்டுக்குன்னு நினைப்பீங்க, இல்ல. அது பெர்லின் சாவி, ஜெர்மன் பூட்டுக்காரர் ஜோஹன் ஷ்வைகர் யோசிச்சது, 1912ல உற்பத்திக்கு வந்துச்சு. அங்க வாடகைக் குடியிருப்புங்கள்ல ராத்திரி வந்தவன் வாசக்கதவத் திறந்து உள்ள போயிட்டு திரும்பப் பூட்டாம படியேறிடுவான், இது பெரிய தொல்லை. அதுக்கு நோட்டீஸ் ஒட்டுறது, சண்டை போடுறதுக்குப் பதிலா சாவியையே அப்படிச் செஞ்சுட்டாங்க.

எப்படின்னா, வெளிய நின்னு சாவி போட்டு திருப்புறீங்க, கதவு திறக்குது. சாவிய உருவப் பாத்தா வராது. அப்படியே பூட்டோட ஓட்டை வழியா மறுபக்கம் தள்ளணும், உள்ள போயி கதவச் சாத்தி, உள்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற முனையப் பிடிச்சு பூட்டணும், பூட்டுனாத்தான் சாவி கைக்கு வரும். பூட்டாம போறதுன்னா சாவிய விட்டுட்டுத்தான் போகணும். பகல்ல இந்த ஏற்பாட்ட நிறுத்தி வைக்கிறதுக்கு வீட்டுக் காவலாளி கிட்ட வேற சாவி இருக்கும். என் கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், யாராவது வீட்டுக்கு வந்தா கதவு ஓட்டைக்குப் பதிலா அட்டையில ஓட்டை போட்டு செஞ்சு காட்டாம விடமாட்டேன்.

பூட்டுக்கே சம்பந்தமில்லாதது

டின்ல கால்வாசி இதுதான் இருக்கும், அதனால அடையாளம் தெரிஞ்சுக்கிறது நல்லது. பட்டாம்பூச்சி றெக்கை மாதிரி தலை, நுனியில சதுர ஓட்டைன்னா சுவர்க் கடிகாரத்துக்கு சாவி குடுக்கிறது. பெரிசு ஒரு முனை, சின்னது ஒரு முனையா இருந்தா பெருசு சாவி குடுக்க, சின்னது கடிகாரம் ஓடுற வேகத்தக் கூட்டிக் குறைக்க (சிலதுல முள்ளு திருப்ப). ரொம்பக் குட்டியா செயின்ல தொங்குறது பாக்கெட் வாட்சுக்கு, 1840கள்ல ஏட்ரியன் ஃபிலிப் தலையத் திருகியே சாவி குடுக்கிற வாட்ச் செய்ற வரைக்கும் இந்தக் குட்டிச் சாவிதான் (அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஓடுச்சு). ஒரு வேடிக்கை, பாக்கெட் வாட்ச் சாவில நம்பர் ஏற ஏற ஓட்டை சின்னதாகும், கடிகாரச் சாவில நம்பர் ஏற ஏற பெருசாகும். இத தெரியாம ஆர்டர் போட்டு நான் ரெண்டு தடவை ஏமாந்தேன்.

ரயில் பெட்டிக் கதவுக்கு கார்டு வச்சிருக்கிற சதுரக் குழாய்ச் சாவியும் வரும். ஒத்தை லைன்ல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு வண்டிதான் போகணும்னு மெஷின்ல இருந்து எடுத்து டிரைவருக்கு வளையத்துல மாட்டிக் குடுத்த நீல்ஸ் டோக்கன் பந்தையும் நான் சாவின்னுதான் சொல்வேன், தண்டவாளத்தத் திறக்கிற சாவி. ஆனா ரயில்வே சாமான்னா உஷார், 1966 சட்டம் ஒண்ணு இருக்கு, ரயில்வே சொத்து முறையில்லாம கையில இருந்தாலே கேஸு. ஏலத்துல எடுத்த ரசீது இல்லாம வாங்காதீங்க.

மோதிரம் மாதிரி இருந்து மேல பல்லு துருத்திக்கிட்டு நின்னா ரோமானியர் காலத்து மோதிரச் சாவி, வெண்கலம். அவங்க உடுப்புல பாக்கெட் கிடையாது, நகைப்பெட்டி சாவிய விரல்லயே போட்டுக்கிட்டாங்க. ஆன்லைன்ல நிறைய சுத்துது, எங்க தோண்டுனதுன்னு காகிதம் இல்லாம தொடாதீங்க. ரொம்ப பெருசா, தங்க முலாம் பூசி, பல்லு எதுக்கும் பொருந்தாத மாதிரி இருந்தா அது அரண்மனைச் சாவி, ஆஸ்திரியாவுல ஹாப்ஸ்பர்க் அரசவை அதிகாரிங்க பதவிக்கு அடையாளமா இடுப்புல மாட்டிக்கிட்டது. எதையும் திறக்காது, ராஜா ரூமுக்குப் போக உரிமை இருக்குன்னு காட்டுறதுக்கு மட்டும்.

கதை சொல்லி விக்கிற சாவி

நான் ஏமாந்த கதை. ஒரு டூரிஸ்ட் ஊர்ல கப்பல் சாவின்னு சொல்லி கனமான பித்தளைச் சாவி ஒண்ணு 1,200 ரூபாய்க்கு வாங்குனேன், கூடவே கப்பல் பேர் அடிச்ச தகடு வேற. ரூம்ல வந்து லைட்ல பாத்தா தண்டோட ரெண்டு பக்கமும் நேர்கோடா ஒரு தழும்பு, ரெண்டு பாதி அச்சுல வார்த்தது. மேற்பரப்பு ரவை மாதிரி சொரசொரப்பு, பல்லோட விளிம்புல அரம் போட்ட கீறலே இல்ல. நிஜமா புழங்குன சாவின்னா பல்லு முனை மழுங்கியிருக்கும், வளையத்துல கொத்துக் கயிறு உரசுன இடம் மட்டும் தேஞ்சு மெலிஞ்சிருக்கும், இதுல எல்லா இடமும் ஒரே அளவு. மறுநாள் பாத்தா பக்கத்துக் கடையில அதே சாவி ஒரு கூடை நிறைய.

கதைக்கு நிஜமாவே காசு உண்டு, ஆனா காகிதத்தோட வரணும். டைட்டானிக் கிளம்புறதுக்கு முன்னாடி கடைசி நேரத்துல டேவிட் பிளேர்னு ஒரு அதிகாரிய மாத்திட்டாங்க, அவர் பாக்கெட்ல ஒரு சாவியோட இறங்கிப் போயிட்டாரு. சாதாரண லாக்கர் சாவி, 2007 ஏலத்துல 90,000 பவுண்டு. பாரிஸ் பாஸ்டில் சிறையோட சாவி 1790ல பிரெஞ்சு தளபதி லஃபாயெட் அனுப்பி அமெரிக்க ஜனாதிபதி வாஷிங்டன் கைக்குப் போச்சு, இன்னும் அவர் மவுண்ட் வெர்னன் வீட்டு சுவர்ல இருக்கு. ரெண்டுக்கும் யார் கையில இருந்து யார் கைக்குன்னு சங்கிலி அறுபடாம இருக்கு. உங்க கடைக்காரர் 'ராஜா காலத்து அரண்மனை சாவி சார்' ன்னா, எந்த ராஜா, யார் கிட்ட வாங்குனீங்கன்னு கேளுங்க, அவர் முகத்தப் பாருங்க.

வாங்கப் போறவங்க காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க, பழைய செட்டிநாட்டு வீட்டுச் சாமான் கடைங்க வரிசையா இருக்கு. வீட்டு முகப்புக் கதவு சாவி முழங்கை நீளத்துக்குக் கூட பாக்கலாம். திறவுகோல்ங்கற வார்த்தைக்கு அர்த்தம் அப்பதான் புரியும், கோல்தான் அது. சாவிங்கறது போர்ச்சுகீசியர் கொண்டு வந்த வார்த்தை, ஜன்னல், அலமாரி மாதிரி. இலங்கைத் தமிழர் திறப்புன்னு சொல்வாங்க, எனக்கு அதுதான் பிடிக்கும். கோயில் சாவின்னு யாராவது நீட்டுனா மட்டும் வாங்காதீங்க, எப்படி வெளிய வந்துச்சோ. 100 வருஷத்துக்கு மேல பழசான கலைப்பொருள 1972 சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது, அமெரிக்கா மச்சானுக்கு பார்சல் போடலாம்னு நினைக்காதீங்க.

இப்ப சுத்தம் பண்ணலாம்

எல்லாத்தையும் போட்டோ எடுத்து முடிச்சப்புறம்தான். இரும்புல துரு பொருக்கா இருந்தா மண்ணெண்ணெய்யோ தையல் மெஷின் ஆயிலோ விட்டு ரெண்டு மூணு நாள் ஊற வச்சு, மூங்கில் குச்சியால மெதுவா சுரண்டுங்க, கம்பி பிரஷ் வேணவே வேணாம். அப்புறம் நல்லா துடைச்சு, மெழுகு பாலிஷ் ஒரு பூச்சு. தேங்காயெண்ணெய் தடவாதீங்க, நாளாக நாளாக சிக்கு வாடை அடிச்சு பிசுபிசுன்னு தூசிய இழுத்துக்கும். பித்தளைக்கு காஞ்ச துணியோட நிறுத்திக்கோங்க. வைக்கிறது ஒவ்வொண்ணும் தனித்தனி கவர்ல, ரப்பர் பேண்ட் போட்டா கறை பிடிச்சிடும்.

கடைசி வேலை சீட்டு எழுதுறது. எங்க, எப்ப, யார் கிட்ட, எவ்ளோ குடுத்து வாங்குனது, நீளம், குழாயா கெட்டியா, எத்தனை படி, என்ன வகைன்னு தோணுது. வீட்டுச் சாவின்னா பெரியவங்கள உக்கார வச்சு கேட்டு எழுதுங்க. நான் பாட்டி இருக்கும்போது கேக்கல. போன பொங்கலுக்கு அந்த ஆறு படி குழாய்ச் சாவியக் காட்டி மாமாவ கேட்டேன், கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. தாத்தா கல்லாப்பெட்டி சாவி. சாவி தொலைஞ்சு போச்சுன்னு 1994ல ஆசாரிய வச்சு பெட்டிய உடைச்சு, பலகைய பழைய மரக்கடையில போட்டாங்க. உள்ள ரெண்டு அடகுச் சீட்டும் ஒரு வெத்தலைப் பெட்டியும் இருந்துச்சாம். சாவி அன்னிக்கும் இந்த டின்லதான் இருந்திருக்கு.